இதயத்தின் நுனி

அந்தக் கடைசித் துண்டை ஏன் இன்னொரு தடவை எடுக்கிறார்கள் என்று திருமலைச்சாமிக்குப் புரியவில்லை. புரியாத மாதிரி கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தான் என்று சொன்னால் இன்னும் சரி. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் எழும்புகிற எந்த இரைச்சலுக்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அவனைவிடத் தெரிந்தவர்கள் கிடையாது. பாதி இரைச்சலுக்கு உத்தரவு எழுதினவனே அவன்தான். இதயத்தைப் படத்தில் வெள்ளரிக்காய் மாதிரி மேலிருந்து கீழாகக் குறுக்கே நறுக்கிக்கொண்டு வருவார்கள், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மூச்சு, நுனித் துண்டு வந்துவிட்டால் முடிந்தது, ஸ்கேன் எடுக்கிற செல்வநாயகி ஹெட்போனில் "அவ்ளோதானுங் சார்" என்பாள், மேடை வெளியே நகரும், அவன் எழுந்து நெஞ்சில் ஒட்டியிருக்கிற பட்டைகளை முடியோடு பிய்த்துப் போட்டுவிட்டுக் கேன்டீனுக்குப் போவான். இன்றைக்கு நுனித் துண்டு வந்தது, முடிந்தது, மேடை நகரவில்லை. "சார், இன்னொருக்கா. மூச்சை இழுங்க, விடுங்க, அப்படியே நிறுத்துங்க." நிறுத்தினான். அதே துண்டு. மூச்சு கொஞ்சம் நழுவியிருக்கும், படம் கலங்கியிருக்கும், எடுக்கட்டும், எத்தனையோ பேருக்கு நடக்கிறதுதான் என்று அவன் தனக்கே சொல்லிக்கொண்டிருக்கும்போது இரைச்சல் நின்றது, நின்ற சூடு ஆறவில்லை, "இன்னும் ஒரே ஒருக்கா சார், பயப்படாதீங்க" என்றாள் செல்வநாயகி. அங்கேதான் அவன் மாட்டிக்கொண்டான். செல்வநாயகி வாயைப் பிடுங்கினால்கூட வார்த்தையை அதிகம் செலவழிக்கிற ஆளில்லை. பயப்படாதீங்க என்பது அவள் நோயாளிகளுக்கு வைத்திருக்கிற சொல். நான் பயப்படவே இல்லையே, என்னத்துக்கு எனக்கு அது என்று நினைத்தான், நினைத்த கையோடு பயந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் இயந்திரம் அதற்கு நிரல் எழுதுகிற ஆராய்ச்சி லேப் ஆட்கள் கைக்கு வரும். மற்ற நாளெல்லாம் நோயாளிகள், அவர்களோடு வந்தவர்கள், தூக்குவாளி, அழுகை, செருப்பு எங்கே என்கிற தேடல். ஞாயிறு காலையில் கீழ்த்தளம் காலி, ஏசி மட்டும் இரையும், ஆளாளுக்கு வந்து படுப்பார்கள். எழுதினவன் படுக்கணும் என்பது அங்கே சட்டம். நிரலில் ஒரு வரியை மாற்றினாலும் மாற்றின ஆள்தான் முதலில் குழாய்க்குள் போக வேண்டும், அப்புறம்தான் அடுத்தவர்கள். அதனால் அந்த லேபில் எல்லோரும் எல்லோருடைய இதயத்தையும் பார்த்தவர்கள். கல்யாணமாகாத பையன்களின் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, உள்ளே யாரையும் காணோமே என்று கிண்டல் செய்வார்கள். திருமலைச்சாமியின் இதயத்தைப் பார்த்து, சார் இதயம் கல்யாண மண்டபம் மாதிரி விசாலம் என்பார்கள், அவனும் பெருமையாகச் சிரிப்பான். இரைச்சல் மறுபடி தொடங்கியது. மூச்சை விட்டு நிறுத்தினபடி, நுரையீரல் காலியாகிக் கிடக்க, இயந்திரம் ஒவ்வொரு துடிப்புக்கும் காத்திருந்து காத்திருந்து டர்ர் என்று இரைந்தது. வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு அது இயந்திரத்தின் சத்தம். படுத்திருக்கிறவனுக்கு மட்டும் அது தன் இதயத்தின் சத்தம், இதயம் துடித்தால்தான் அது இரையும், துடிக்கிற வேகத்தில்தான் இரையும். இப்போது வேகமாக இரைந்தது. பயந்தவன் இதயம் ஊருக்கே கேட்கிற மாதிரி இப்படி ஒலிபெருக்கி வைத்துக் காட்டிக்கொடுக்குமென்று தெரிந்தும் இத்தனை வருஷம் மற்றவர்களை இதற்குள் அனுப்பிக்கொண்டுதானே இருந்தோம், அடங்கு, அடங்கு என்றான் அதனிடம். அடங்கவில்லை. நடுவே ஒரு இடத்தில் இரைச்சல் தடுக்கியது, ஒரு டர்ர் சீக்கிரமாக வந்து, அடுத்தது வர நேரமாகி, படியிறங்குகிறவன் ஒரு படியைத் தவறவிட்டதுபோல் ஆகி, பிறகு பழையபடி ஓடியது. ஒரு துடிப்பு எகிறிவிட்டது. யாருக்கும் எகிறும். காப்பி குடித்தால் எகிறும். இன்றைக்குக் காப்பி குடிக்கவில்லை.

பொள்ளாச்சிப் பக்கத்து அம்மா ஒருத்தர் ஞாபகத்துக்கு வந்தார். அவர் முகம் அல்ல, குரல். அவருக்கு மூச்சை நிறுத்த வராது. இதயம் பலவீனம், நுரையீரலில் நீர், பழைய முறையில் ஒவ்வொரு துண்டுக்கும் மூச்சைப் பிடிக்கச் சொன்னால் பாதியிலேயே புஸ்ஸென்று விட்டுவிடுவார், படமெல்லாம் தண்ணீரில் கரைத்த திருநீறு. ஒரு மணி நேரத்துக்குமேல் போராடிவிட்டு மேடையை வெளியே இழுத்தபோது, அந்த அம்மா செல்வநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ற நெஞ்சு நிக்க மாட்டேங்குது கண்ணு, கோவிச்சுக்காதே" என்றார். நோயாளி மன்னிப்புக் கேட்கிறார், எதற்கு, நோயாளியாக இருப்பதற்கு. பக்கத்து அறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றிருந்த திருமலைச்சாமிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் பிடித்தது பைத்தியம். மூச்சை யாரும் நிறுத்த வேண்டாம், அவரவர் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருக்கட்டும், ஒரு நிமிஷத்துக்குள் முழு இதயத்தையும் எடுத்துக் கொடுக்கிறேன். எப்படி முடியும்? எல்லாவற்றையும் அளந்தால்தானே நேரமாகிறது. கொஞ்சம் அளந்தால் போதும், மிச்சத்தைக் கணினி நிரப்பிக்கொள்ளும். இதயம் எப்படிச் சுருங்கும், எப்படி விரியும் என்று அதற்கு ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கிவிட்டால், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்ததை வைத்து நடுவில் உள்ளதை அதுவே ஊகித்துப் போட்டுவிடும். வருஷக்கணக்காக அதே வேலை. வேணி ஒருநாள் சாப்பாட்டைத் தட்டில் போட்டுவிட்டு, உங்களுக்கு நான் பேசறது பாதிதான் காதில் விழுது, மிச்சத்தை நீங்களே நிரப்பிக்கறீங்க என்றாள். மனைவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நாளைக்குக் காலையில் முதல் நோயாளி அந்தப் புது முறையில் படுக்கப் போகிறார். பழைய முறை கிடையாது, புதியது மட்டும். அதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை, இரண்டு முறையிலும் எழுதினவன் படுத்துக் காட்டுகிறான், அவ்வளவுதான் இன்றைக்கு. முதலில் புதியது எடுத்தார்கள், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது, எல்லோரும் ஹெட்போனில் பிரமாதம் என்றார்கள். அப்புறம் பழையது. பழையதில் நுனித் துண்டு. நுனித் துண்டு மறுபடி. நுனித் துண்டு மூன்றாவது தடவை.

நுனியில் என்ன இருக்கிறது. இடது பக்கத்து அறை கீழே கூம்பிக்கொண்டு போய் முடிகிற இடம், கட்டைவிரல் நுனி அளவு சதை, ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே சுருங்க வேண்டும். சுருங்காமல் நின்றால் அங்கே சதை செத்திருக்கிறது, அல்லது புண்ணாகி ஆறியிருக்கிறது. இதையெல்லாம் டாக்டர்கள் பேசிக் காதில் விழுந்து விழுந்து அவனுக்குப் பாடம். பங்குனியில் ஒரு காய்ச்சல் வந்தது. ஊரில் எல்லோருக்கும் வந்த காய்ச்சல்தான். அவன் மடியில் கணினியை வைத்துக்கொண்டே படுத்துக் கிடந்து ஏறக்குறைய ஒரு வாரத்தை ஓட்டினான், நெஞ்சில் நடுவே ஒரு வலி வந்து போனது, வாயு என்று வேணி ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள், குடித்தான், போனது. போனதா? கேஸ் சிலிண்டரை மாற்றும்போது மூச்சு வாங்குகிறது. என்னங்க இப்படி இரைக்குது உங்களுக்கு என்று அவள் கேட்டதற்கு வயசாகுதில்ல என்றான். நாற்பத்திரண்டு ஒரு வயசா. அந்த வாயு எங்கே போய் உட்கார்ந்தது, நுனியிலா. அப்படியெல்லாம் இருக்காது. மூன்று தடவை எடுக்கிறார்கள் என்றால் படம் சரியாக விழவில்லை, துடிப்பு எகிறுகிறது, பழைய முறைக்குத் துடிப்பு எகிறினால் ஆகாது, அது அதன் பழைய கோளாறு, எத்தனை கூட்டத்தில் அவனே மைக்கைப் பிடித்துச் சொல்லியிருக்கிறான். ஆமாம், அதுதான். அப்படியே இல்லாமல் உண்மையிலேயே நுனியில் ஏதாவது இருந்தால், இருந்தால் புதிய படத்திலும் தெரியும். முதலில் எடுத்தது புதியதுதானே, பிரமாதம் என்றார்களே. இரண்டிலும் தெரிந்தால் என் இதயம் கெட்டது, என் முறை ஜெயித்தது. வெட்கமாக இருந்தாலும் அந்த நினைப்பில் அவனுக்கு ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது, செத்தவன் வீட்டில் சாப்பாடு நன்றாக இருந்தால் வருகிற மாதிரி ஒரு சந்தோஷம். இரண்டிலும் தெரியாவிட்டால் இரண்டும் பிழைத்தன. இன்னொரு வழியும் இருக்கிறது. அதன் பக்கம் போகாமல் மனசு குழாயின் மேல்பாகத்தைப் பார்த்தது. மூக்குக்கு ஒரு சாண் மேலே வெள்ளைப் பிளாஸ்டிக், அதில் ஒரு மயிரிழைக் கீறல், எத்தனை வருஷமாக இருக்கிறதோ.

இரைச்சல் மாறியது. அவன் உடம்பெல்லாம் காதானது. காத்திருந்து காத்திருந்து இரைகிற இரைச்சல் அல்ல. தேனீக்கூட்டைக் கலைத்தது மாதிரி விடாமல், யாருடைய துடிப்புக்கும் காத்திராமல் கொட்டுகிற இரைச்சல், அவனுடையது, அவன் பெற்றது. புதிய முறையில் இன்னொரு தடவை எடுக்கிறார்கள். திட்டத்தில் இல்லாத வேலை. அப்படியானால் இரண்டு படங்களும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போயிருந்தால் எதற்கு இது. ஒன்றில் இருக்கிறது, ஒன்றில் இல்லை. எதில் இருக்கிறது? புதியதில் இருக்கிறது, பழையதில் இல்லை என்றால் மூன்று தடவை பழையதை ஏன் எடுக்கிறார்கள், புதியதைத்தானே முதலில் சந்தேகப்படுவார்கள். பழையதில் இருக்கிறது. புதியதில் இல்லை. போகாமல் சுற்றி வந்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டுவிட்டது சனியன். கணினிக்கு யாருடைய இதயத்தைக் காட்டிப் பழக்கினோம்? லேப் ஆட்கள். லேப் ஆட்களின் சிநேகிதர்கள். ஹாஸ்டலில் வாலிபால் ஆடுகிற பையன்கள், படுத்துக் கொடுத்தால் புரோட்டா வாங்கித் தருவோம் என்று கூட்டி வந்தவர்கள். எல்லாம் நல்ல இதயம், குதிரை இதயம், நுனிவரைக்கும் சுருங்குகிற இதயம். நோயாளிகளை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம், முதலில் சுத்தமாக வரட்டும் என்று சொன்னது யார், அவன்தான். போன மாதம் டாக்டர் ராபியா, இந்த ஆஸ்பத்திரியில் இதயப் படங்களைப் பார்த்துச் சொல்கிறவர், புதிய படங்களைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, மணல் தூவின மாதிரி இருக்கே, கொஞ்சம் வழவழன்னு வராதா என்று கேட்டார். வரும் டாக்டர் என்று நிரப்புவதைக் கூட்டி வைத்தான். வழவழவென்று வந்தது. அவ்வளவு அழகாக வந்தது. அழகைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள், அவனும்தான் பிளந்தான். சுருங்காத இடத்தை அது பார்த்ததே இல்லையே, பார்க்காததை எப்படி வரையும். நாளைக்குப் படுக்கப் போகிறவருக்கு நுனி செத்திருந்தால் அதையும் உயிரோடு வரைந்து கொடுக்கும். இரைச்சல் நின்றது. காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது, அப்புறம் அதுவும் பழகிப்போனது.

எவ்வளவு நேரம் யாரும் பேசவில்லை என்று அவனுக்குத் தெரியாது. கையில் ரப்பர் பந்து இருந்தது, அமுக்கினால் வெளியே மணி அடிக்கும், வேண்டாதபோது அமுக்கக் கூடாது என்று அவனே பலபேருக்குச் சொல்லியிருக்கிறான். அமுக்கினான்.

"சொல்லுங் சார், என்ன பண்ணுது?" செல்வநாயகி.

"ஒண்ணும் பண்ணலை. நுனியில என்ன?"

"ராபியா மேடம் வந்துட்டாங்க. பேசறாங்களாம்."

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் ராபியா ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"திருமலை, வெளிய வாங்களேன், உட்கார்ந்து பேசலாம்" என்றார் ராபியா.

"வெளிய வந்தா இதே இடத்துல மறுபடி படுக்க முடியாது டாக்டர். படம் பொருந்தாது. இப்படியே சொல்லுங்க."

ராபியா சொன்னார். "பழைய படத்துல நுனி அசையலை. மூணு தடவையும் அசையலை. உங்க படத்துல ரெண்டு தடவையும் நல்லா சுருங்குது, அவ்வளவு தெளிவா. உங்களுக்கு நடுவுல துடிப்பு எகிறுது, அதனால பழசு கலங்கிப்போய் அப்படித் தெரியுதோன்னு எனக்கு ஒரு சந்தேகம். நீங்கதானே இதை எழுதினவர், நீங்களே சொல்லுங்க. எதை நம்பறது?"

கேட்டுவிட்டார். இனி அவன் பதில்தான். எவ்வளவு சுலபமான பதில். துடிப்பு எகிறினால் பழைய முறை கலங்கும் டாக்டர், அதனால்தானே புதியதே கண்டுபிடித்தோம், புதியதை நம்புங்கள். ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. கலங்கும்தான். பத்து இடத்தில் அவன் படம் போட்டுக் காட்டின விஷயம். இதைச் சொன்னால் மேடை வெளியே நகரும், கேன்டீனில் பன்னும் டீயும், நாளைக்குக் காலையில் முதல் நோயாளி, சாயங்காலம் கைதட்டல், வீட்டுக்குப் போய் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று வேணியிடம் சொல்லலாம், இதயம் நல்ல இதயம், கல்யாண மண்டபம். அவனுடைய சொந்தப் படமே சத்தியம் செய்கிறதே, ரெண்டு தடவை, அவ்வளவு தெளிவாக. தான் பெற்ற பிள்ளையின் பேச்சை நம்பாமல் ஊரான் பேச்சை நம்புவார்களா. அவனுக்கு உண்மையிலேயே அதை நம்ப ஆசையாக இருந்தது. இவ்வளவு ஆசையாக எதையும் நம்ப அவன் விரும்பினதில்லை. செத்துப்போவோமோ என்கிற பயம் ஒரு பக்கம் இருந்தது, அது கூடப் பரவாயில்லை, அதோடு மல்லுக்கட்டலாம். இத்தனை வருஷம் தப்பாகப் போயிற்றே என்கிற பயத்தோடுதான் மல்லுக்கட்ட முடியவில்லை. எதைவிட எதற்கு அதிகம் பயப்படுகிறோம் என்று பார்த்தபோது அவனுக்குத் தன்மேலேயே அசிங்கமாக இருந்தது. பொள்ளாச்சி அம்மாவை நாளைக்குப் படுக்க வைத்தால்? மூச்சு நிறுத்த வேண்டாம் அம்மா, சும்மா படுத்திருங்கள் என்று படுக்க வைத்து, அழகாக ஒரு படம் எடுத்து, ஒன்றுமில்லை போய் வாருங்கள் என்று அனுப்பினால்? அவர் கோபித்துக்கொள்ளக்கூட மாட்டார். கும்பிட்டுவிட்டுப் போவார்.

நிரப்புவதை அணைக்க ஒரு வழி உண்டு. அவன் தன் சோதனைக்காகப் போட்டு வைத்தது, வேறு யாருக்கும் தெரியாது, யாருக்கும் தேவைப்பட்டதும் இல்லை. அணைத்தால் கணினி தன் பங்குக்கு ஒன்றும் சேர்க்காது. அளந்தது மட்டும், அந்தக் கொஞ்சம் மட்டும், மணலும் பொத்தலுமாக வரும். பார்க்கச் சகிக்காது. சொல்லாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

"டாக்டர்" என்றான். "எகிறினா பழசு கலங்கும், அது வாஸ்தவம். ஆனா மூணு தடவையும் ஒரே இடத்துல கலங்காது. செல்வி, என் படத்தைத் திறங்க. செட்டிங்குக்குள்ள கடைசி வரைக்கும் கீழே போங்க. கடைசி எண்ணு ஒண்ணு இருக்கும், அதைப் பூஜ்ஜியமாக்கிட்டுக் கணினியைப் படத்தைத் திருப்பிப் போடச் சொல்லுங்க."

"இது என்னதுங் சார்?"

"நிரப்பறதை நிறுத்தும்."

தட்டச்சு செய்கிற சத்தம் ஹெட்போனில் கேட்டது, பேசுகிற பொத்தானை மூட மறந்துவிட்டாள். கணினி யோசித்துக்கொண்டிருந்தது. கணினி யோசிக்காது, கணக்குப் போடும், யோசித்தவன் இங்கே படுத்திருக்கிறான். அசையட்டும் என்று வேண்டிக்கொண்டான். அவனுக்குச் சாமி நம்பிக்கை பண்டிகைக்குப் பண்டிகைதான், இருந்தாலும் வேண்டிக்கொண்டான், நுனி அசையட்டும், மணலுக்குள்ளே கொஞ்சமாவது அசையட்டும். வெளியே நாற்காலி நகர்ந்தது. அய்யோ என்று செல்வநாயகி மெல்லச் சொன்னது இயந்திரத்துக்குள் பெரிதாக வந்து விழுந்தது.

"அசையலை, திருமலை" என்றார் ராபியா. "இப்ப உங்க படத்துலயும் தெரியுது. அசையலை."

இருந்திருக்கிறது. முதல் தடவையே எடுத்துவிட்டிருக்கிறது அவனுடைய முறை, அந்த ஒரு நிமிஷத்திலேயே, ஒழுங்காக அளந்து கொடுத்திருக்கிறது. அவன் மேலே பூசி மறைத்திருக்கிறான். மூக்குக்கு மேலே அந்தக் கீறல் அப்படியே இருந்தது. "நாளைக்கு யாரையும் புதுசுல எடுக்காதீங்க" என்றான். "பழசே இருக்கட்டும். மூச்சு நிறுத்த முடியாதவங்க வந்தா பூஜ்ஜியத்துல வெச்சு எடுங்க, அசிங்கமா இருந்தாலும் பரவாயில்லை, நீங்க பார்த்துப் பழகிக்குங்க டாக்டர்."

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன். நீங்க பேசாம படுங்க. மருந்து ஏத்தி எடுக்கணும் உங்களுக்கு, அது தழும்பா இல்லை இன்னும் புண்ணா இருக்கான்னு பார்க்கணும், இப்பவே." ராபியா யாரிடமோ ஊசி, இதய டாக்டர், மேலே ஒரு படுக்கை என்று சொல்லிக்கொண்டே போனார். குரல் தூரமாகிப்போனது. கதவு திறந்தது, செல்வநாயகியின் செருப்பில்லாத கால் சத்தம் வந்தது, அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றாள். முகம் தெரியவில்லை. போர்வையை இழுத்து அவன் பாதத்தை மூடினாள். இத்தனை வருஷத்தில் லேப் ஆள் யாருக்கும் அவள் போர்வை போர்த்தினதில்லை.

"சார்" என்றாள், தினமும் எல்லோரிடமும் கேட்கிற குரலில். "ஊசி போடோணும்னா கையெழுத்துக்கு ஆள் வேணுமுங்க. கூட ஆரு வந்திருக்காங்க?"

"ஆருமில்லை. தனியாத்தான் வந்தேன். வேணிக்குப் போன் பண்ணுங்க."

"என்னன்னுங் சார் சொல்றது? ஒண்ணுமில்லீங்க, சும்மா வந்துட்டுப் போங்கன்னு சொல்லீரட்டுங்களா? பதறிருவாங்களே."

கண்ணீர் வழிந்து ஹெட்போனுக்கு அடியில் காதுக்குள் போனது. துடைக்கக் கையைத் தூக்கினால் இடம் மாறிவிடும், அதனால் துடைக்கவில்லை.

"வேண்டாம் செல்வி" என்றான் திருமலைச்சாமி. "உள்ளதைச் சொல்லுங்க."